செல்போர்னின் இயற்கை வரலாறு (நூல்)

செல்போர்னின் இயற்கை வரலாறு என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த கில்பர்ட் ஒயிட் (1720–1793) எழுதிய ஆங்கில நூலாகும். இது 1789 ஆம் ஆண்டைத் தாங்கி லண்டனில் வெளியானது. முதற் பதிப்பின் முழுப் பெயர் 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்' என்பதாகும். ஒரே ஒரு சிற்றூரின் பறவைகள், விலங்குகள், பூச்சிகள், செடிகொடிகள், வானிலை ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கி எழுதிய கடிதங்களின் தொகுப்பாக இந்நூல் அமைந்துள்ளது. இயற்கையைக் கூர்ந்து நோக்கும் எழுத்துக்கு முன்னோடியாகக் கருதப்படும் இந்நூல் 200-க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டுள்ளது.

இதில் கதை இல்லை. பெரும் பயணமோ வீரச் செயலோ இல்லை. ஒரு மண்புழு, ஓர் ஆமை, ஓட்டின் கீழ் கூடு கட்டும் ஒரு குருவி ஆகியவையே இதன் பொருள். ஆயினும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இது விரும்பிப் படிக்கப்படுகிறது.

ஆசிரியர்

கில்பர்ட் ஒயிட் 1720 சூலை 18 அன்று இங்கிலாந்தின் ஆம்ப்சயர் கோட்டத்திலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் லண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவருடைய பாட்டனார் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவாக இருந்தவர். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் பயின்ற ஒயிட், 1744 இல் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார்.

பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையில் உதவிக் குருவாகப் பணியாற்றினார். செல்போர்னின் தலைமைக் குருவாகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அப்பதவியில் ஆளை அமர்த்தும் உரிமை ஆக்சுபோர்டின் மாக்டலன் கல்லூரியிடம் இருந்ததே இதற்குக் காரணம். பிற இடங்களில் உயர்ந்த பதவி தேடிப் போவதைவிட, தம் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உதவிக் குருவாக இருப்பதையே அவர் தேர்ந்துகொண்டார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் 'தி வேக்சு' என்று அழைக்கப்பட்ட குடும்ப வீட்டில் வாழ்ந்து, அங்கேயே 1793 சூன் 26 அன்று காலமானார்.

நூல் உருவான விதம்

ஒயிட் 1751 முதல் தம் தோட்டத்தில் விதைப்பு, விளைச்சல் முதலியவற்றைக் குறித்து வைத்தார். 1768 முதல் இன்னும் ஒழுங்கான நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதற்கான அச்சிட்ட படிவத்தை உருவாக்கித் தந்தவர் டெயின்சு பாரிங்டன். நாள், வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, முதலில் தளிர்த்த மரம், முதலில் பூத்த செடி, முதலில் தென்பட்ட பறவை என்று அப்படிவத்தில் கட்டங்கள் இருந்தன. ஒயிட் அக்கட்டங்களை 25 ஆண்டுகள் நிரப்பினார். தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை அவர் அப்பழக்கத்தை விடவில்லை.

இந்தக் குறிப்புகளின் அடிப்படையில் இருவருக்குக் கடிதங்கள் எழுதினார். ஒருவர் வேல்சு நாட்டு இயற்கையியலாளர் தாமசு பெனன்ட். மற்றொருவர் வழக்கறிஞரும் நீதிபதியுமான பாரிங்டன். நூலில் பெனன்டுக்கு 44 கடிதங்களும் பாரிங்டனுக்கு 66 கடிதங்களுமாக மொத்தம் 110 கடிதங்கள் உள்ளன. அவற்றுள் ஊரை அறிமுகப்படுத்தும் முதல் ஒன்பது கடிதங்களும் வேறு சிலவும் அஞ்சலில் அனுப்பப்பட்டவை அல்ல, நூலுக்காகவே எழுதப்பட்டவை. படங்களைச் சுவிட்சர்லாந்து ஓவியர் சாமுவேல் இரோனிமசு கிரிம் வரைந்தார். ஒயிட்டின் தம்பியும் லண்டன் பதிப்பாளருமான பெஞ்சமின் ஒயிட் நூலை வெளியிட்டார். அப்போது ஆசிரியரின் வயது 68.

நோக்கும் முறை

ஒயிட்டின் காலத்தில் இயற்கையியல் என்பது பெரும்பாலும் இறந்த உடல்களைப் பதப்படுத்தி, அளந்து, பெயரிட்டு அடுக்கும் துறையாக இருந்தது. ஒயிட்டும் பறவைகளைச் சுட்டும், பிறர் சுட்டவற்றைப் பெற்றும் ஆராய்ந்தவர்தாம். ஆனால் உயிருள்ள விலங்கு தன் இடத்தில் எப்படி வாழ்கிறது என்பதே அவருடைய முதன்மையான கேள்வியாக இருந்தது. அவருடைய முறையைப் பின்வரும் எடுத்துக்காட்டுகளால் அறியலாம்.

மூன்று கதிர்குருவிகள்: பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் சிறு கதிர்குருவிகளை அவர் குரலைக் கொண்டு பிரித்தார். ஒன்று இரண்டே ஒலிகளை மாறி மாறி எழுப்பும். இன்னொன்றின் பாட்டு இனிமையாக இறங்கி ஓயும். மூன்றாவது, உயர்ந்த பீச்சு மரங்களின் உச்சியில் இருந்துகொண்டு சிறகுகளை நடுக்கிச் சீறல் போன்ற ஒலி எழுப்பும். பின்னர் மூன்றையும் கையில் எடுத்து அளவையும் நிறத்தையும் ஒப்பிட்டு, அவை மூன்று தனி இனங்கள் என்று 1768 இல் பெனன்டுக்கு எழுதினார்.

அறுவடைச் சுண்டெலி: பிரித்தானியாவில் இச்சிறு எலியை முதன்முதலில் விவரித்தவர் ஒயிட். கோதுமைத் தாள்களால் பின்னிய அதன் கூடு கிரிக்கெட் பந்தின் அளவில் உருண்டையாக இருந்தது. வாயில் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண் திறவாத எட்டுக் குட்டிகள் உள்ளே இருந்தபோதும் அதை மேசையில் உருட்ட முடிந்தது. முழு வளர்ச்சியடைந்த இரண்டு எலிகளைத் தராசில் இட்டபோது, ஒரு செப்பு அரைப்பென்னி நாணயத்தின் எடைக்கு அவை சமமாக நின்றன.

மண்கூடு: வீட்டுச் சுவர்களில் மண்ணால் கூடு கட்டும் வீட்டுத் தகைவிலான், காலை வேளைகளில் மட்டுமே கட்டும் என்பதையும், நாளொன்றுக்குச் சுமார் அரை அங்குலம்தான் உயர்த்தும் என்பதையும் அவர் கண்டார். மீதிப் பொழுது மண் காய்வதற்கு. மண்சுவர் வைக்கும் கொத்தனாரும் ஒரே நாளில் உயரமாக எழுப்புவதில்லை, ஈரச் சுவர் தன் பாரத்தாலேயே சரிந்துவிடும் என்று அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். தகைவிலான்களையும் உழவாரனையும் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1774, 1775 ஆம் ஆண்டுகளில் லண்டன் அரச கழகத்தில் படிக்கப்பட்டன.

குளமும் மாடுகளும்: வெயில் காலத்தில் மாடுகள் குளத்து நீரில் நின்று நாளைக் கழிக்கின்றன. அவற்றின் சாணத்தில் பூச்சிகள் பெருகுகின்றன. பூச்சிகள் மீன்களுக்கு இரையாகின்றன. ஓர் உயிரின் கழிவு மற்றோர் உயிருக்கு உணவாவதை அவர் இவ்வாறு சில வரிகளில் விளக்கினார். உணவுச் சங்கிலி என்ற சொல் அப்போது வழக்கில் இல்லை.

மண்புழு: 1777 ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் மண்புழுக்களின் பயனை எழுதினார். அவை மண்ணைத் துளைத்துப் பொலபொலப்பாக்குகின்றன. நீர் இறங்க வழி செய்கின்றன. இலைக்காம்புகளையும் வைக்கோலையும் மண்ணுக்குள் இழுக்கின்றன. எச்சமாக நுண்மண்ணை மேலே தள்ளுகின்றன. அக்காலத் தோட்டக்காரர்களுக்கும் உழவர்களுக்கும் மண்புழு வேண்டாத உயிராக இருந்தது. நடைபாதையை அசிங்கப்படுத்துகிறது என்று தோட்டக்காரர்களும், இளம்பயிரைத் தின்கிறது என்று உழவர்களும் அதை வெறுத்தனர். அது இல்லாமல் போனால் இயற்கையில் பெரிய இழப்பு ஏற்படும் என்று ஒயிட் எடுத்துரைத்தார். இதே பொருள் பற்றிச் சார்லசு டார்வினின் நூல் 1881 இல், அதாவது 104 ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியானது.

இரண்டு வெப்பமானிகள்: 1784 டிசம்பரில் கடுங்குளிர் வந்தது. பள்ளத்திலுள்ள செல்போர்னைவிட மேட்டிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில் வெப்பநிலை ஃபாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ 18 பாகை கூடுதலாகக் காட்டியது. மேட்டில் குளிர் மிகுதியாக இருக்கும் என்பதே பொதுவான எண்ணம். எனவே கருவியில்தான் பழுது என்று முதலில் ஐயம் எழுந்தது. இரண்டு வெப்பமானிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவைக் காட்டின. பள்ளத்தில் ஒயிட்டின் தோட்டத்துச் செடிகள் கருகியிருக்க, மேட்டிலுள்ள செடிகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. அமைதியான இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகித் தாழ்ந்த இடங்களில் தேங்குவதே இதற்குக் காரணம்.

தீமோத்தி என்னும் ஆமை

நூலில் வாசகர்கள் மிகவும் விரும்பும் பகுதிகள் ஓர் ஆமையைப் பற்றியவை. அந்த ஆமை சசெக்சு கோட்டத்திலுள்ள ரிங்மர் என்னும் ஊரில் ஒயிட்டின் அத்தை வீட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தது. அத்தையைக் காண வரும்போதெல்லாம் ஒயிட் அதையும் பார்த்து எழுதினார். நவம்பர் நடுவில் மண்ணுக்குள் புகுந்து ஏப்ரல் நடுவில் வெளிவரும். தூறலுக்கே அஞ்சி ஒதுங்கும். நெடுநாள் உணவளித்த மூதாட்டியைக் கண்டால் தத்தித் தத்தி அருகே வரும், புதியவர்களைக் கண்டுகொள்ளாது.

1780 இல் அத்தை இறந்த பின், உறக்கத்தில் இருந்த ஆமையை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, 80 மைல் தொலைவு குதிரை வண்டியில் செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் அது விழித்துக்கொண்டது. தோட்டத்தில் விட்டதும் இரண்டு முறை தோட்டத்தின் கோடி வரை நடந்துவிட்டு, குளிர் தாங்காமல் மீண்டும் மண்ணுக்குள் புகுந்துகொண்டது.

ஆண் பெயரால் அழைக்கப்பட்ட தீமோத்தி, பெண் ஆமை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஒயிட் இறந்த மறு ஆண்டு, 1794 இல், அதுவும் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்தாளர் சில்வியா டவுன்செண்டு வார்னர், ஒயிட்டின் எழுத்துகளில் இந்த ஆமையைப் பற்றியவற்றைத் தொகுத்து 1946 இல் தனி நூலாக வெளியிட்டார்.

தீராத கேள்வி

நூல் முழுவதும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இலையுதிர் காலத்தில் காணாமல் போகும் தகைவிலான்கள் எங்கே போகின்றன? அவை தொலைதூர நாடுகளுக்கு வலசை போகின்றனவா, அல்லது பொந்துகளிலும் நீர்நிலைக் கரைகளிலும் மறைந்து குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றனவா? அன்றைய அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. பாரிங்டன் வலசையைப் பெரிதும் ஐயுற்றவர்.

ஒயிட்டிடம் இரு பக்கத்துக்கும் சான்றுகள் இருந்தன. அவருடைய தம்பி ஜான் கிப்ரால்டரில் திருச்சபைக் குருவாக இருந்தபோது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பறவைகள் நீரிணையைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதியிருந்தார். இது வலசைக்குச் சான்று. ஆனால் செல்போர்னில் எல்லாத் தகைவிலான்களும் மறைந்துவிட்ட பிறகு, இதமான வெயில் அடிக்கும் நாளில் ஒன்றிரண்டு திடீரெனத் தோன்றியதையும் ஒயிட் கண்டிருந்தார். அவை எங்கிருந்து வந்தன? பெரும்பான்மைப் பறவைகள் போய்விட்டாலும் சில ஊரிலேயே ஒளிந்திருக்கலாம் என்று அவர் கருதினார். ஆட்களை அமர்த்திப் புதர்களிலும் குழிகளிலும் தேடச் செய்தார். உறங்கும் பறவை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

இக்கேள்விக்கு உறுதியான விடை பின்னர் கிடைத்தது. இங்கிலாந்தின் இசுடாபர்டுசயரில் 1911 மே மாதம் காலில் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் பிடிபட்டது. ஒயிட் இறந்து அப்போது 119 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று பள்ளி மாணவருக்கும் தெரிந்த ஒரு விடையை, வாழ்நாள் முழுவதும் தேடிய ஒருவரின் கடிதங்கள் இவை. விடை தெரிந்த வாசகர், அது தெரியாதவரோடு சேர்ந்து ஒவ்வோர் அக்டோபரிலும் வானத்தைப் பார்க்க நேர்வது இந்நூலைப் படிப்பதில் உள்ள தனி இன்பமாகும். அவருடைய ஊகம் தவறாக இருந்தபோதும், கண்டதைக் கண்டபடி நாளோடு குறித்ததால் அக்குறிப்புகள் பயன் இழக்கவில்லை.

மனிதர்களும் நூலும்

ஒயிட் பறவைகளை மட்டும் பார்த்தவர் அல்லர். ஏழைக் குடும்பங்கள் கோரை போன்ற நீர்ப்புல்லின் தண்டை உரித்து, உள்தக்கையைக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரிப்பதை ஒரு கடிதம் விளக்குகிறது. எடை, நீளம், எரியும் நேரம், விலை ஆகியவற்றைக் கணக்கிட்டு, கால் பென்னி செலவில் ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் பெறலாம் என்று காட்டுகிறார்.

1783 ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தைப் பற்றிய கடிதம் வேறு வகையானது. சூன் 23 முதல் சூலை 20 வரை ஒரு விந்தையான மூட்டம் நாட்டை மூடியிருந்தது. நண்பகல் சூரியன் மேகம் மறைத்த நிலவைப் போல மங்கியிருந்தது, தரையில் துருநிற ஒளி விழுந்தது, வெட்டிய இறைச்சி மறுநாளே கெட்டது, மக்கள் அஞ்சினர். இம்மூட்டத்துக்குக் காரணம் சூன் 8 அன்று ஐசுலாந்தில் தொடங்கிய லாக்கி எரிமலை வெடிப்பு. அவ்வெடிப்பாலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் ஐசுலாந்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். அதன் முழுச் செய்தி ஒயிட்டுக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த ஆண்டின் நிலநடுக்கங்களையும் கடலில் எழுந்த எரிமலையையும் அதே கடிதத்தில் சேர்த்துக் குறிப்பிடுகிறார்.

நகைச்சுவையும் ஆங்காங்கே உண்டு. ஆந்தைகள் எல்லாம் ஒரே சுருதியில் அலறுகின்றன என்று இசையறிந்த நண்பர் ஒருவர் சுருதிக்குழல் கொண்டு சோதித்துச் சொல்ல, செல்போர்ன்வாசி ஒருவரோ தம் ஊர் ஆந்தைகளிடம் மூன்று சுருதிகளைக் கேட்டார். தேனீக்களுக்குக் காது கேட்குமா என்று அறிய, கூட்டின் அருகே பெரிய பேச்சுக்குழலில் ஒயிட் உரக்கக் கத்தினார். தேனீக்கள் பொருட்படுத்தவில்லை.

தாக்கம்

சார்லசு டார்வின் சிறுவனாக இருந்தபோது இந்நூலைப் படித்துப் பறவைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஏன் பறவையியலாளர் ஆகவில்லை என்று அப்போது தமக்கு வியப்பாக இருந்ததாகத் தன்வரலாற்றில் கூறியுள்ளார். பருவங்களுக்கேற்ப உயிரினங்களில் நிகழும் மாற்றங்களை நாள்வாரியாகப் பதியும் துறைக்கு ஒயிட்டின் நாட்குறிப்புகள் முன்மாதிரியாக விளங்குகின்றன.

செல்போர்னில் ஒவ்வோர் ஆண்டும் எட்டு இணை உழவாரன்களே கூடு கட்டுவதை ஒயிட் எண்ணியிருந்தார். குஞ்சுகள் பொரித்தும் எண்ணிக்கை ஏன் கூடவில்லை, மிகுந்தவை எங்கே போகின்றன என்று கேட்டார். இன்று நிலைமை வேறு. 2021 இல் வெளியான ஐக்கிய இராச்சியத்தின் பறவைப் பாதுகாப்பு மதிப்பீட்டில் உழவாரனும் வீட்டுத் தகைவிலானும் மிகுந்த கவலைக்குரிய சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு பறவை குறைந்துவிட்டது என்று சொல்ல, முன்பு எத்தனை இருந்தன என்று யாரேனும் எண்ணி வைத்திருக்க வேண்டும். ஒயிட்டின் சிறு கணக்குகளின் மதிப்பு இதில் உள்ளது.

அவர் வாழ்ந்த வீடு 1955 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. ஊரை அடுத்த பீச்சு மரக் குன்றும் பொதுநிலமும் தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளன. குன்றின் மீது ஏற ஒயிட்டும் தம்பி ஜானும் 1753 இல் வெட்டிய வளைந்து வளைந்து செல்லும் பாதை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. தேவாலய வளாகத்திலுள்ள அவருடைய கல்லறைக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.

குறைகள்

நூலின் தொடக்கக் கடிதங்கள் ஊரின் எல்லை, மண்வகை, பாறை ஆகியவற்றை விரிவாகக் கூறுவதால் புதிய வாசகருக்குச் சலிப்புத் தரலாம். ஊர்த் தேவாலயம், பழைய மடம் ஆகியவற்றின் வரலாற்றைக் கூறும் தொன்மைகள் பகுதி பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் விடப்பட்டுள்ளது. கடிதங்கள் பொருள்வாரியாக அமையாததால் ஒரு பறவையைப் பற்றிய செய்திகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. இலத்தீன் மேற்கோள்களும் மிகுதி.

படிக்கும் முறை

இந்நூலை ஒரே மூச்சில் படிப்பது பொருந்தாது. பெரும்பாலான கடிதங்களில் நாள் குறிக்கப்பட்டுள்ளதால், நடப்பு மாதத்துக்குரிய கடிதத்தை எடுத்து நாளுக்கு ஒன்றாகப் படிக்கலாம். முதலில் ஆமை, மண்புழு, வீட்டுத் தகைவிலான் ஆகியவை பற்றிய கடிதங்களைப் படித்துவிட்டு, பின்னர் முதற் கடிதத்திலிருந்து தொடங்குவது எளிது. மாணவர்களுடன் சேர்ந்து படிப்போர், ஒவ்வொரு கடிதத்திலும் ஒயிட் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, ஊகித்தது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதச் செய்யலாம். ஒயிட் இம்மூன்றையும் பெரும்பாலும் கலக்காமல் எழுதியிருப்பதால் இப்பயிற்சி நன்கு அமையும்.

படித்து முடித்தபின் வீட்டு வாசலிலுள்ள ஒரு மரத்தையோ, சுவரிலுள்ள ஒரு கூட்டையோ எடுத்துக்கொண்டு, ஓராண்டு நாள் தவறாமல் குறித்து வரலாம். இதற்குத் தேவையானவை ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் மட்டுமே.